சேற்றுக்குள் கிடக்கும் லார்வாவின் பித்தம் பெரிய லாம்ப்ரேக்கு வழிகாட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: லாம்ப்ரே லார்வாக்கள் வெளியிடும் பித்த அமிலங்கள் வேதிச் சமிக்ஞைகளாக வேலை செய்கின்றன என்கிறார்கள். பித்தம் கொழுப்பைச் செரிக்க உதவும் பொருள்தானே, அது எப்படி இன்னொரு விலங்குக்குச் செய்தியாகும்? ஓடுகிற ஆற்றில் கரைந்துபோன பிறகும் யாராவது அதை மோப்பம் பிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் "லார்வா சமிக்ஞை அனுப்புகிறது" என்று எடுத்துக்கொண்டால் மொத்த விஷயமும் கோணலாகப் புரிந்துவிடும். லார்வா யாரையும் கூப்பிடவில்லை. அது தின்கிறது, செரிக்கிறது, கழிக்கிறது. அந்தக் கழிவில் இருக்கும் சில மூலக்கூறுகளைப் பெரிய லாம்ப்ரேக்கள் படித்துக்கொள்ளப் பழகிவிட்டன. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும் என்பது என் கருத்து. அதனால் அதை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் விலங்கு. லாம்ப்ரே தாடை இல்லாத முதுகெலும்பி. பார்க்க விலாங்கு மாதிரி இருக்கும், ஆனால் விலாங்குக்கும் அதற்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை. நாம் அதிகம் தெரிந்துவைத்திருப்பது கடல் லாம்ப்ரேயைப் பற்றி. அதன் வாழ்க்கை மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. முட்டையிலிருந்து வருகிற லார்வாவுக்கு அம்மோசீட் என்று பெயர். அது ஓடையின் அடியில் மென்மையான வண்டலுக்குள் புதைந்துகொண்டு, பெரும்பாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை அங்கேயே கிடக்கும். கண் வளர்ந்திருக்காது, பல் இருக்காது. வாய்க்கு மேல் ஒரு மடிப்பு இருக்கும். தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் வரும் மக்கிய துகள்களையும் டயாட்டம் போன்ற நுண்பாசிகளையும் சளியில் ஒட்டவைத்து விழுங்கும். அப்புறம் உருமாற்றம். கண் வருகிறது, வட்டமான உறிஞ்சுவாய் வருகிறது, அதில் கூரிய பற்கள் வருகின்றன. கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய், மற்ற மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு இரத்தமும் உடல் திரவமும் குடித்து வளரும். அங்கே ஓராண்டோ அதற்குக் கொஞ்சம் கூடவோ கழித்த பின், வசந்தத்தில் உணவை நிறுத்திவிட்டு, ஒரு ஆற்றுக்குள் ஏறி, கூழாங்கற்களை வாயால் நகர்த்திக் கூடு கட்டி, இனப்பெருக்கம் செய்து இறந்துவிடும். இந்தப் பயணத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எந்த ஆற்றுக்குள் ஏறுவது? சால்மன் மீன்கள் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது எல்லோருக்கும் தெரிந்த கதை. லாம்ப்ரே அப்படிச் செய்வதில்லை. வட அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் அடையாளமிட்டு விட்ட கடல் லாம்ப்ரேக்கள் எங்கே திரும்பி வருகின்றன என்று பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. பிறந்த ஆற்றைத் தேடிப் போவதற்கான அறிகுறி எதுவும் அதில் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமில்லை. ஒட்டிக்கொண்ட மீன் எங்கெல்லாம் நீந்துகிறதோ அங்கெல்லாம் லாம்ப்ரேயும் போகும், பிறந்த ஆறு எங்கோ போய்விடும். ஆக, அதற்குத் தேவை "என் ஆறு" இல்லை, "நல்ல ஆறு". நல்ல ஆறு என்றால் முட்டையிடக் கூழாங்கல் வேண்டும், பக்கத்திலேயே லார்வா புதைந்திருக்க மென்வண்டல் வேண்டும், நீர் பல ஆண்டுகள் வற்றாமலும் கெடாமலும் இருக்க வேண்டும். ஆற்றின் முகத்துவாரத்தில், அதுவும் இரவில், நிற்கும் ஒரு விலங்கால் இதையெல்லாம் எப்படிச் சரிபார்க்க முடியும்? ஒரே ஒரு நம்பகமான சான்று இருக்கிறது: அந்த ஆற்றில் ஏற்கெனவே லார்வாக்கள் உயிரோடு இருப்பது. ஐந்தாறு வயது லார்வாக்கள் அங்கே தின்றுகொண்டிருக்கின்றன என்றால் கடந்த ஐந்தாறு ஆண்டுகள் அந்த ஆறு தாங்கியிருக்கிறது என்றுதானே பொருள்!

இந்த யோசனை ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. லாம்ப்ரே லார்வாக்களை நஞ்சிட்டு ஒழித்த (ஏன் என்பது கடைசியில் வரும்) ஓடைகளுக்குள் அதற்குப் பிறகு ஏறி வரும் பெரிய லாம்ப்ரேக்களின் எண்ணிக்கை குறைவதைக் களத்தில் இருந்தவர்கள் கவனித்தார்கள். 1980 வாக்கில், லார்வாக்களின் வாசனைதான் பெரியவற்றை இழுக்கிறது என்ற கருதுகோள் எழுத்தில் வந்தது. எந்த வாசனை என்பதுதான் தெரியாமல் இருந்தது.

விடையின் ஒரு பாதி அதற்கு முன்பே வேறொரு அலமாரியில் தயாராக இருந்தது. 1969இல் ஹேசில்வுட், டோக்கெஸ் என்ற இரு வேதியியலாளர்கள் லாம்ப்ரே லார்வாக்களின் பித்தத்தில் ஒரு விசித்திரமான பொருளைக் கண்டு அதற்குப் பெட்ரோமைசோனால் சல்பேட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுடைய அக்கறை வேறு: முதுகெலும்பிகளின் பித்த உப்புகள் பரிணாமத்தில் எப்படி மாறி வந்தன என்பது. வாசனை பற்றி அப்போது பேச்சே இல்லை.

இந்த மூலக்கூறைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் கதை முழுவதும் அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. எல்லாப் பித்த அமிலங்களும் கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரலில் உருவாகின்றன. அடிப்படை ஸ்டீராய்டு: ஒட்டிக்கொண்ட நான்கு வளையங்கள், ஒரு முனையிலிருந்து நீளும் வால். நம் உடலிலுள்ள பித்த அமிலங்களில் முதல் இரண்டு வளையங்கள் சேரும் இடத்தில் ஒரு வளைவு இருக்கும். லாம்ப்ரேயின் மூலக்கூறில் அந்த வளைவு இல்லை, வளையங்கள் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். வளையங்களில் 3, 7, 12 ஆகிய இடங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள் மூன்றும் ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். நம்மிடம் வாலின் நுனியில் அமிலத் தொகுதி இருக்கும், அதில் கிளைசினோ டாரினோ இணைந்திருக்கும். லாம்ப்ரேயில் நுனி ஆல்கஹாலாகவே நின்று, அதன்மேல் ஒரு சல்பேட் ஏறியிருக்கும். கறாராகப் பேசினால் இது அமிலமே இல்லை, சல்பேட் ஏறிய பித்த ஆல்கஹால். "பித்த அமிலங்கள்" என்று பொதுவாகச் சொல்வது வழக்கத்தால் வந்தது. கூடவே அல்லோகோலிக் அமிலம் என்று இன்னொன்றும் லார்வாவிடம் உண்டு. அது உண்மையிலேயே அமிலம், வளையங்கள் அதேபோல் தட்டை.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வரலாம்: பித்தம் ஏன் நல்ல செய்தியாகிறது? ஆற்றில் மிதக்கும் பெரும்பாலான வாசனைப் பொருட்கள் பொதுச் சொத்து. அமினோ அமிலம் எல்லா உயிரிலிருந்தும் கசியும், அதைவைத்து யார் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பித்த உப்புகள் அப்படியில்லை. விலங்குக் கூட்டங்களுக்கு இடையே அவை வெகுவாக வேறுபடும். பெட்ரோமைசோனால் சல்பேட்டை முகர்ந்தால் அது லாம்ப்ரே என்று ஏறக்குறைய உறுதி. அடுத்து, சல்பேட் ஏறியிருப்பதால் நீரில் நன்றாகக் கரையும். ஸ்டீராய்டு எலும்புக்கூடு எளிதில் உடையாது. ஆற்றுநீரில் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும், ஓடையின் மேற்பகுதியிலிருந்து ஏரி முகம் வரை வந்து சேர அது போதும். ஆனால் காலாகாலத்துக்கும் தங்காது, நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். எனவே வாசனை இருந்தால் அது அண்மைச் செய்தி. இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: உணவு உண்ணும்போதுதான் பித்தம் குடலுக்குள் பாயும், மலத்தோடு வெளியேறும். ஆகவே ஆற்றில் வருகிற பித்தம் "இங்கே லாம்ப்ரே இருக்கிறது" என்பதோடு நிற்கவில்லை, "இங்கே லாம்ப்ரே லார்வாக்களுக்குச் சாப்பாடு கிடைக்கிறது" என்றும் சொல்கிறது. இனப்பெருக்க இடம் தேடும் விலங்குக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் என்ன வேண்டும்?

மீன்கள் பித்த அமிலங்களை முகரும் என்பது லாம்ப்ரேயில் தொடங்கியதும் இல்லை. நார்வேயில் க்யெல் டோவிங் குழுவினர் 1980இல் சால்மன் குடும்ப மீன்களின் மூக்கு பித்த அமிலங்களுக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டுவதைப் பதிவு செய்தார்கள். அந்தச் சிந்தனை லாம்ப்ரேக்கு வந்து சேர்ந்தது 1990களில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வெய்மிங் லி, பீட்டர் சோரென்சன் ஆகியோரின் வேலையில். 1995இல் வெளியான அவர்களுடைய ஆய்வு இந்தத் துறையின் அடிக்கல்.

அதில் செய்தது இது. லாம்ப்ரேக்குத் தலைமேல் ஒரே ஒரு நாசித்துளை உண்டு. அதற்குள் இருக்கும் மோப்பச் சவ்வின் மேல் மெல்லிய மின்முனையை வைத்து, நீரைத் தொடர்ந்து ஓடவிட்டு, அந்த நீரோட்டத்தில் சோதிக்க வேண்டிய பொருளைச் சிறிது நேரம் கலந்துவிடுவார்கள். மோப்ப நரம்பணுக்கள் உணர்ந்தால் மின்னழுத்தத்தில் ஒரு சரிவு பதிவாகும். செறிவைப் பத்து மடங்கு பத்து மடங்காகக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் வெறும் நீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது என்று பார்ப்பார்கள். பெட்ரோமைசோனால் சல்பேட்டுக்கு அந்த எல்லை ஏறத்தாழ ஒரு பிக்கோமோலார் வரை போனது. மற்ற விலங்குகளின் பித்த அமிலங்கள் பலவற்றுக்கு இந்த அளவு கூர்மை இல்லை.

அடுத்து ஒரு நேர்த்தியான சோதனை. மூக்கை அல்லோகோலிக் அமிலத்தில் தொடர்ந்து நனைத்து அதற்குப் பழக்கிவிட வேண்டும். எதிர்வினை அடங்கியதும், அதே நிலையில் பெட்ரோமைசோனால் சல்பேட்டைச் சேர்த்தால் என்னாகும்? இரண்டையும் ஒரே ஏற்பிதான் (வாசனை மூலக்கூறைப் பிடிக்கும் புரதம்) பிடிக்கிறது என்றால் மூக்கு சும்மா இருக்க வேண்டும். அது சும்மா இருக்கவில்லை, புதிதாக எதிர்வினை காட்டியது. ஆக, இரண்டு பொருளுக்கும் தனித்தனி ஏற்பிகள். வடிவத்தில் இவ்வளவு நெருக்கமான இரு மூலக்கூறுகளை இரண்டு வாசல்களில் பிரித்து வாங்கும் மூக்கு அது.

பிக்கோமோலார் என்பதை எண்ணாகப் பார்த்தால்தான் உறைக்கும். பெட்ரோமைசோனால் சல்பேட்டின் மூலக்கூறு எடை சுமார் 475. எனவே ஒரு பிக்கோமோலார் என்றால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ அரை நானோகிராம். ஒரு கிராம் பொருளை 200 கோடி லிட்டர் நீரில் கரைத்தால் வருகிற செறிவு. அதே நேரம் இன்னொரு கோணத்திலும் பாருங்கள்: அந்தச் செறிவிலும் ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் 60 கோடி மூலக்கூறுகள் இருக்கும். மூக்குக்கு வேலை செய்யப் பொருள் இருக்கிறது.

"ஆற்றில் கரைந்துபோகாதா" என்ற சந்தேகத்துக்கும் இதே கணக்கில் விடை உண்டு. விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் ஓடும் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் லிட்டர். அத்தனையையும் ஒரு பிக்கோமோலார் அளவில் வைத்திருக்க நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 41 மில்லிகிராம்தான். ஓடையில் ஒரு லட்சம் லார்வாக்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பங்கும் நாளுக்கு அரை மைக்ரோகிராமைவிடக் குறைவு. ஒரு பெண் லாம்ப்ரே பல்லாயிரக்கணக்கில் முட்டையிடுகிறது, பல ஆண்டுத் தலைமுறைகள் ஒரே வண்டலில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். லார்வாக்களைத் தொட்டியில் வைத்து அவை வெளியிடும் அளவை நேராக அளந்த ஆய்வு 2001இல் வந்தது. ஆற்றில் மோப்பம் பிடிக்கத்தக்க வாசனைப் பட்டையை உண்டாக்க அந்த வேகம் போதும் என்பதுதான் அதன் முடிவும்.

சரி, மூக்கு உணர்கிறது. உடல் அதற்கேற்ப நடக்கிறதா? மூக்கு உணர்வதெல்லாம் நடத்தையை மாற்றிவிடாது. இதில் பலர் இடறுகிறார்கள். பிரிவுள்ள ஓடுநீர்த் தொட்டிகளில் இடம்பெயரும் பருவத்து லாம்ப்ரேக்களை விட்டபோது அவை லார்வா வாசனை வரும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தன. இனமுதிர்ச்சி அடைந்தவற்றிடம் அந்த ஈர்ப்பு மங்கிவிடுகிறது. இது பொருத்தமாகவே இருக்கிறது, ஆற்றைக் கண்டுபிடித்து ஏறிவிட்ட பிறகு அந்த வாசனைக்கு வேலை முடிந்துவிட்டது, இனி துணை தேட வேண்டும். மோப்பத்தை அடைத்துவிட்டு விட்டால் ஆற்றைக் கண்டுபிடிப்பதில் தடுமாறுகின்றன என்பதும் களத்தில் காட்டப்பட்டது. இன்னொரு நுணுக்கம்: ஏரி நீரைவிட ஆற்று நீரே, லார்வா இல்லாவிட்டாலும், ஓரளவு இழுக்கிறது. லார்வா வாசனை அதன்மேல் ஏறி அந்த இழுப்பைப் பலப்படுத்துகிறது. ஆக, லாம்ப்ரே இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்கிறது: இது ஆறு, இதில் லார்வாக்கள் இருக்கின்றன.

இதுவரை சொன்னது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பெட்ரோமைசோனால் சல்பேட்டை மட்டும் ஆற்றில் ஊற்றினால் லாம்ப்ரேக்கள் திரண்டு வந்துவிடுமா என்றால், வராது. லார்வாக்கள் இருந்த நீரின் இழுப்பு, தெரிந்த இரு பொருட்களின் இழுப்பைவிட அதிகமாக இருந்தது. அப்படியானால் வேறு ஏதோ இருக்க வேண்டும். 2005இல் சோரென்சனின் குழு இரண்டு புதிய ஸ்டீராய்டுகளைக் கண்டுபிடித்தது: பெட்ரோமைசோனமைன் டைசல்பேட், பெட்ரோமைசோஸ்டெரால் டைசல்பேட். இரண்டிலும் இரண்டு சல்பேட்கள். முதலாவதில் ஒரு அமீன் வால் இருக்கிறது, சுறாவிலிருந்து பிரித்தெடுத்த ஸ்குவாலமைன் என்ற பொருளுக்கு அது உறவு. லாம்ப்ரேயின் மூக்கு பெட்ரோமைசோனால் சல்பேட்டைவிடவும் இதற்குக் கூர்மை.

இந்த இரண்டையும் பெட்ரோமைசோனால் சல்பேட்டோடு கலந்தால் புதிர் தீர்ந்தது என்று அப்போது தோன்றியது. தீரவில்லை. 2012இல் வெளிவந்த கள ஆய்வில், செயற்கையாகத் தயாரித்த கலவையை உண்மையான ஆற்றில் விட்டுப் பார்த்தார்கள். லார்வாக்களின் இயற்கையான வாசனை லாம்ப்ரேக்களை இழுத்தது, செயற்கைக் கலவை அதற்கு ஈடாகவில்லை. ஆய்வுக்கூடத்தில் பலித்தது ஆற்றில் பலிக்காமல் போனதை அப்படியே வெளியிட்டது இந்தத் துறைக்குப் பெரிய உதவி என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு 2018இல் லார்வாக்கள் வெளியிடும் இன்னொரு பொருள் வெளிச்சத்துக்கு வந்தது. அது பெட்ரோமைரிக் அமிலம், பித்த வகையே இல்லை, கொழுப்பு அமிலத்திலிருந்து வருவது. மிகக் குறைந்த செறிவிலேயே லாம்ப்ரேக்களை அது இழுப்பதாகக் காட்டப்பட்டது. ஆகவே "பித்த அமிலங்கள்தான் இடம்பெயர்வு ஃபெரோமோன்" (ஃபெரோமோன் என்றால் ஒரு விலங்கு வெளியிட்டு அதே இனத்தின் இன்னொன்றின் நடத்தையை மாற்றும் வேதிப்பொருள்) என்று எங்காவது படித்தால் அதை "பித்த உப்புகளும் சேர்ந்த ஒரு கலவை" என்று திருத்திப் படியுங்கள்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன வேறுபாடு. ஒரு வேதிப்பொருளைச் சமிக்ஞை என்று சொல்ல வேண்டுமானால், அதை அனுப்புவதால் அனுப்புகிறவருக்கு நன்மை இருக்க வேண்டும், அந்த நன்மைக்காகவே அது பரிணமித்திருக்க வேண்டும். லார்வாவுக்கு என்ன நன்மை? புதிதாக ஏறி வரும் லாம்ப்ரே அதன் தாய் இல்லை, உறவாக இருக்கவும் வேண்டியதில்லை. அது இடும் முட்டைகளிலிருந்து வருபவை அதே வண்டலில் அதே சாப்பாட்டுக்குப் போட்டி. கண்டிப்பாகச் சொன்னால் லார்வாவின் பித்தம் ஒரு தடயம்தான், கேட்கிறவர் பக்கத்தில் மட்டுமே பரிணாமம் வேலை செய்திருக்கிறது. இதற்கு வலுவான துணைச்சான்று: பல லாம்ப்ரே இனங்களின் லார்வாக்கள் பெட்ரோமைசோனால் சல்பேட்டை வெளியிடுகின்றன, ஒரு இனத்தின் லார்வா வாசனை இன்னொரு இனத்தின் பெரியவற்றையும் இழுக்கிறது. இனத்துக்குள் பேசிக்கொள்ளும் அந்தரங்க மொழியாக இருந்தால் இப்படி இருக்காது. நல்ல ஓடை எல்லா லாம்ப்ரேக்கும் ஏறக்குறைய நல்ல ஓடையே, ஆகவே பிற இனத்தின் கழிவைப் படிப்பதிலும் நட்டமில்லை.

ஆனால் கதை தடயத்தோடு நிற்கவில்லை. அதன் இரண்டாம் பாகம் உருமாற்றத்தில் தொடங்குகிறது. லார்வாவுக்குப் பித்தப்பை உண்டு, பித்தநாளங்கள் உண்டு. உருமாற்றத்தின்போது இவை இரண்டும் அழிந்துவிடுகின்றன! பச்சிளம் குழந்தைகளுக்குப் பித்தநாளம் அடைந்துபோகும் ஒரு நோய் இருக்கிறது, சிகிச்சை இல்லாவிட்டால் கல்லீரல் பாழாகி உயிருக்கே ஆபத்து. லாம்ப்ரேயோ ஒவ்வொன்றும் அந்த நிலையைக் கடந்து ஆரோக்கியமாக வாழ்கிறது. பித்த உப்புகளின் கலவையை மாற்றிக்கொள்கிறது, சிறுநீரகம் வழியாக வெளியேற்றுகிறது, குடலே பித்த உப்பைத் தயாரிக்கவும் செய்கிறது. மருத்துவ ஆய்வாளர்களுக்கு லாம்ப்ரே மேல் வந்த ஆர்வத்துக்கு இது ஒரு காரணம். நம் கேள்விக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்று: லார்வாவின் அந்தத் தனி வாசனை உருமாற்றத்தோடு அடங்கிவிடுகிறது. ஏரியில் மீனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் லாம்ப்ரே லார்வா மாதிரி மணக்காது.

பிறகு, ஆற்றில் ஏறி முதிர்ச்சி அடைந்த ஆணின் கல்லீரல் மறுபடி பித்த உப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்குகிறது. அது சாப்பிடவே இல்லை, செரிக்க எதுவும் இல்லை, பித்தநாளமும் இல்லை. அப்படியானால் எதற்கு? 2002இல் வெய்மிங் லியும் உடன் உழைத்தவர்களும் விடை தந்தார்கள்: 3-கீட்டோ பெட்ரோமைசோனால் சல்பேட். விந்து வெளியிடும் நிலையிலுள்ள ஆண்கள் இதைச் செவுள்கள் வழியாக நீரில் விடுகின்றன, முட்டை முதிர்ந்த பெண்கள் அதைத் தொடர்ந்து கூட்டுக்கு வருகின்றன. லார்வாவின் மூலக்கூறுக்கும் இதற்கும் வேறுபாடு 3ஆம் இடத்தில் மட்டும். அங்கே இருந்த ஹைட்ராக்சில் கீட்டோனாகிவிட்டது, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் குறைவு. அவ்வளவுதான். இது இப்போது சந்தேகமில்லாமல் சமிக்ஞை: அனுப்பத் தனி ஏற்பாடு இருக்கிறது, அனுப்புகிறவருக்கு நன்மை இருக்கிறது.

ஆண் ஏன் இதைத் தேர்ந்தது என்பதற்கு 2013இல் ஒரு நல்ல சான்று வந்தது. வெள்ளி லாம்ப்ரே என்ற இனத்தில் ஆண்கள் இந்தப் பொருளை இனச் சமிக்ஞையாகப் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் அந்த இனத்தின் பெண்கள் அதற்கு இழுபடுகின்றன. காரணம், லார்வாக்கள் இதையும் கொஞ்சம் வெளியிடுகின்றன, இடம்பெயரும்போது அந்த வாசனையைத் தொடரும் பழக்கம் மூக்கில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. கடல் லாம்ப்ரேயின் ஆண்கள் அந்தப் பழைய ஈர்ப்பைப் பிடித்துக்கொண்டன. லார்வா வாசனையை நாடும் மூக்கு முதலில், அதைப் பயன்படுத்திக்கொண்ட ஆண் பிறகு.

இதில் ஒரு சிக்கல் வரும் என்று நீங்களே யோசித்திருப்பீர்கள். லார்வாவும் ஆணும் ஏறக்குறைய ஒரே மாதிரி மணந்தால், துணை தேடும் பெண் லார்வாக்கள் கிடக்கும் சேற்றில் போய் நிற்காதா? 2020இல் வந்த விடை: பெட்ரோமைசோனால் சல்பேட் அதிகமாகக் கலந்திருந்தால் முதிர்ந்த பெண்ணுக்குக் கீட்டோ வடிவத்தின் மீதுள்ள ஈர்ப்பு அடங்கிவிடுகிறது. லார்வாவிடம் பெட்ரோமைசோனால் சல்பேட்டின் விகிதம் அதிகம், ஆணிடம் கீட்டோ வடிவம் மேலோங்கும். பெண் படிப்பது ஒரு பொருளை இல்லை, இரண்டின் விகிதத்தை. இடம்பெயரும் பருவத்தில் வழிகாட்டிய அதே பெட்ரோமைசோனால் சல்பேட், சில வாரங்கள் கழித்து "இங்கே ஆண் இல்லை, தள்ளிப் போ" என்று பொருள்படுகிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் மகிழ்வித்த முடிவு இது.

இதற்கெல்லாம் இவ்வளவு பணமும் உழைப்பும் எங்கிருந்து வந்தன? வட அமெரிக்கப் பேரேரிகளின் துயரத்திலிருந்து. நயாகரா அருவி கடல் லாம்ப்ரேயை மேல் ஏரிகளுக்குப் போகவிடாமல் தடுத்திருந்தது. அருவியைச் சுற்றிப் போகும் வெல்லண்ட் கால்வாய் 1829இல் திறந்தது, பின்னர் அதை விரிவாக்கினார்கள். 1921இல் ஈரி ஏரியில் லாம்ப்ரே தென்பட்டது, 1930களின் முடிவுக்குள் ஹூரான், மிச்சிகன், சுப்பீரியர் மூன்றிலும் வந்துவிட்டது. ஒரு லாம்ப்ரே தன் ஒட்டுண்ணிப் பருவத்தில் 18 கிலோ வரை மீனைக் கொல்லக்கூடும். ஏரி டிரௌட் மீன்வளம் சரிந்து, மீன்பிடியை நம்பியிருந்த ஊர்கள் தவித்தன. 1955இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து பேரேரிகள் மீன்வள ஆணையத்தை அமைத்தன. ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் சோதித்து, லார்வாக்களைக் கொன்று மற்ற மீன்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் டி.எஃப்.எம். என்ற லாம்ப்ரேக்கொல்லியைக் கண்டுபிடித்து 1958 முதல் ஓடைகளில் பயன்படுத்துகிறார்கள். லாம்ப்ரே எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. அப்போதிலிருந்து ஓடைகளை விடாமல் கண்காணித்து, லார்வா பெருகும் இடங்களில் திரும்பத் திரும்ப நஞ்சிட வேண்டியிருக்கிறது.

வாசனையைக் கொண்டு பொறிவைக்க முடிந்தால் நஞ்சைக் குறைக்கலாமே என்பதுதான் ஆசை. இதில் முதலில் பலன் தந்தது லார்வாவின் கலவை இல்லை, ஆணின் கீட்டோ வடிவம். ஓடையில் பிக்கோமோலார் அளவில் செயற்கைப் பொருளை விட்டபோது முதிர்ந்த பெண்களில் ஏறத்தாழ பாதி பொறிக்குள் போனதாக 2009இல் காட்டப்பட்டது. 2015இன் இறுதியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை உயிரியல் பூச்சிக்கொல்லிப் பட்டியலில் பதிவு செய்தது, முதுகெலும்பியின் ஃபெரோமோன் ஒன்று அப்படிப் பதிவானது அதுவே முதல் முறை. லார்வா வாசனை பின்தங்கியதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்: பல பொருட்கள் சேர்ந்த கலவை, அதுவும் லார்வாக்கள் வாழும் பக்கத்து ஆறுகளின் இயற்கை வாசனையோடு போட்டியிட வேண்டும். ஆனால் நஞ்சிடும் வேலையிலேயே அது மறைமுகமாக உதவுகிறது. லார்வாக்களை ஒழித்த ஓடையில் வாசனையும் போய்விடுவதால் அடுத்து ஏறி வருபவை குறைகின்றன.

பேரேரிகளுக்கு வெளியே பார்வை தலைகீழ். ஐரோப்பாவில் ஆற்று லாம்ப்ரே பாதுகாக்க வேண்டிய இனம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பசிபிக் லாம்ப்ரே கொலம்பியா ஆற்றுப் படுகையின் பழங்குடி மக்களுக்கு உணவாகவும் சடங்குப் பொருளாகவும் இருந்துவருவது. அணைகளால் அது அருகிவிட்டது. அந்த மக்களே பெரிய லாம்ப்ரேக்களைப் பிடித்து, அணைகளுக்கு மேலே உள்ள ஓடைகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். பசிபிக் லாம்ப்ரேயின் மூக்கும் பெட்ரோமைசோனால் சல்பேட்டைக் கூர்மையாக உணர்கிறது. அப்படிக் கொண்டுபோய் விட்டவை முட்டையிட்டு, லார்வாக்கள் வண்டலில் தங்கி உண்ணத் தொடங்கிவிட்டால், ஆற்றில் பித்தம் மறுபடி ஓடும். அடுத்த தலைமுறைக்கு அந்த ஓடை மீண்டும் மணக்கும் என்ற எதிர்பார்ப்பும் அந்த வேலையில் சேர்ந்தே இருக்கிறது.